பனி மலைக்கு ஃபோர் பை ஃபோர் கட்டாயமா?

பனி கொட்டிய மறுநாள், மணாலிக்கு மேலே சோலங் பக்கம் போகிற சாலையில் காவல்துறை தடுப்பு வைத்துவிடும். ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்கு வழி உண்டு. மற்றவை திரும்பிப் போக வேண்டும். சில நாள்களில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் விடுவார்கள். நிலைமை மிக மோசமானால் யாருக்கும் வழியில்லை. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்படும் வரை இந்தத் தடுப்பைப் பற்றி நம் ஊரில் யாரும் கவலைப்பட்டதில்லை. அதற்கு முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய் மூடிக்கொண்டால், அதற்கு அப்பால் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ அரை ஆண்டு சாலைத் தொடர்பின்றிக் கிடக்கும். இன்று டிசம்பரிலும் ஜனவரியிலும் குடும்பத்தோடு காரிலேயே சுரங்கம் தாண்டி லாஹௌலின் சிஸ்ஸு வரை போய்ப் பனி பார்த்துத் திரும்ப முடிகிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தடுப்பு ஒரு நம்பிக்கையை ஊன்றிவிட்டது: ஃபோர் பை ஃபோர் இருந்தால் பனியில் ஓட்டலாம், இல்லையென்றால் ஓட்டக்கூடாது. வண்டி வாங்கும்போது சில லட்சம் கூடக் கொடுத்து அந்த வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலரும் சொல்லும் காரணம் இதுவே. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆளைக் கொல்லக்கூடிய பிழை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபோர் பை ஃபோர் என்னும் நான்கு சக்கர இயக்கம் செய்யும் வேலை ஒன்றுதான். இன்ஜினின் விசையை இரண்டு சக்கரங்களுக்குப் பதில் நான்குக்கும் பகிர்ந்து அனுப்புகிறது. நின்ற வண்டியைக் கிளப்பவும், மேட்டில் ஏற்றவும், புதைந்ததை வெளியே இழுக்கவும் அது உதவும். வண்டியை நிறுத்துவது வேறு வேலை. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. மிகச் சிறிய காரிலும் அப்படித்தான். வளைவில் வண்டியைச் சாலைக்குள் பிடித்து வைப்பதும் நான்கு டயர்களும் தரையோடு கொள்ளும் பிடிப்பே. பாசி படிந்த குளத்துப் படியில் இறங்குகிறவருக்குத் தொடை வலுவால் பயனில்லை, பாதம் பிடித்தால்தான் உண்டு. இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.7 அல்லது அதற்குச் சற்று மேல். வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன பனியில் அது 0.2 அளவுக்கு விழுகிறது. பனிக்குரிய டயர் போட்டிருந்தால் 0.3-ஐத் தொடலாம். பனிக்கட்டியில் 0.1, உருகி ஈரம் மின்னும் பனிக்கட்டியில் அதிலும் கீழே. இவை தோராயமான எண்கள். வெப்பநிலைக்கும் டயருக்கும் ஏற்ப மாறும். தீர்ப்புச் சொல்ல இந்தத் தோராயம் போதும்.

முதலில் ஏற்றம். முன்சக்கர இயக்கக் காரில் எடையில் அறுபது விழுக்காடு முன்சக்கரங்கள்மேல் இருக்கும். மேடேறும்போது எடை சற்றுப் பின்னால் சாயும். உராய்வு 0.2 உள்ள இறுகிய பனியில் அது ஏறக்கூடிய சரிவு ஏறக்குறைய 11 விழுக்காடு. நான்கு சக்கர இயக்க வண்டி அதே டயரில் 20 வரை ஏறும். வித்தியாசம் பெரிதுதான். இப்போது முன்சக்கரக் காருக்குப் பனி டயர் மாட்டுங்கள். 17 விழுக்காடு ஏறிவிடும். நம் நெடுஞ்சாலை விதிகள் மலைச் சாலைக்கு வகுத்திருக்கும் சரிவோ பொதுவாக 5 முதல் 8 விழுக்காட்டுக்குள். ஆக, பனி தள்ளி இறுகிக் கிடக்கும் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குச் சுமாரான டயர் போட்ட சாதாரணக் காரே போதும். ஐந்து பேரும் பின்பெட்டி நிறையச் சாமான்களும் ஏறினால் முன்சக்கரங்களின் பங்கு குறைந்து அந்த 11 என்பது 10-க்குக் கீழே இறங்கும். அப்போதும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும்.

அப்படியானால் சோலங் சாலையில் அத்தனை கார்கள் சக்கரம் சுற்றி நிற்பது ஏன்? பனிக்கட்டிதான் காரணம். பகல் வெயிலில் உருகி ஓடும் நீர், மலை நிழல் விழும் வளைவுகளில் மாலையே உறைந்துவிடும். பார்க்க ஈரச்சாலை போலவே இருக்கும். அங்கே உராய்வு 0.1. எட்டு விழுக்காடு மேட்டில் முன்சக்கரக் கார் ஏறாது. அதன் எல்லை 6-க்குள் முடிந்துவிடுகிறது. நான்கு சக்கர வண்டி 10 வரை போகும் என்பதால் ஏறிவிடும். தடுப்பில் நிற்கும் காவலர் கண்முன்னே ஃபோர் பை ஃபோரின் வெற்றி நடந்து முடிகிறது.

ஏறிய வண்டி இறங்கியாக வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, காய்ந்த சமதளத்தில் பிரேக் பிடித்த 5 மீட்டரில் நிற்கும். அதே எட்டு விழுக்காடு இறக்கத்தில், அதே பனிக்கட்டியில், 0.1 உராய்வில் 0.08-ஐ மலையின் சரிவே விழுங்கிவிடுகிறது. நிறுத்துவதற்கு மிச்சம் 0.02. வண்டி நிற்க ஏறக்குறைய 175 மீட்டர் வேண்டும். வேகத்தை 20-க்குக் குறைத்தாலும் 80 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த சாலையில் அடுத்த வளைவு அதற்கு முன்பே வந்துவிடும். உராய்வு 0.08-க்குக் கீழே போனால் வண்டி நிற்கவே நிற்காது. இந்தக் கணக்கில் எத்தனை சக்கரங்களுக்கு விசை போகிறது என்ற எண் எங்கும் வரவில்லை. வண்டியின் எடையும் வரவில்லை. இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் ஃபார்ச்சூனரும் சின்ன ஆல்ட்டோவும் ஒரே உராய்வில் ஒரே தூரம்தான் சறுக்கும். தடுப்புச் சுவரில் மோதும்போது மட்டும் கனமான வண்டி கூடுதல் பலத்தோடு மோதும்.

எந்தப் பரப்பில் நான்கு சக்கர இயக்கம் ஏற்றத்தில் தன் மேன்மையைக் காட்டுகிறதோ, அதே பரப்பில் இறக்கத்தில் வண்டியை நிறுத்த அது உதவாமல் போகிறது. சாதாரணக் காரை அந்த மேடு கீழேயே தடுத்து நிறுத்திவிடும். ஃபோர் பை ஃபோரை மேலே வரவிட்டுத் திரும்பும் வழியில் சிக்க வைக்கும். இந்த வாதத்தை நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன்.

இதோடு ஓட்டுநரின் மனமும் சேர்கிறது. இரு சக்கர இயக்க வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சக்கரம் ஒருமுறை சுழன்று வழுக்கினால், சாலை நிலைமை உடனே காலுக்குத் தெரிந்துவிடும். நான்கு சக்கர வண்டி அந்த எச்சரிக்கையை விழுங்கிவிடும். கிளம்பும்போது வழுக்காததால் ஓட்டுநருக்குத் தரை நன்றாக இருப்பதாகவே படுகிறது. வேகம் 40 ஆகிறது. உண்மை தெரிவது முதல் பிரேக்கில்.

இந்த மயக்கத்தை வளர்த்ததில் விளம்பரங்களுக்குப் பெரிய பங்குண்டு. 1986-இல் ஆடி நிறுவனம் தன் குவாட்ரோ காரைப் பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் தாவும் மேடைமீது ஏற்றிக் காட்டியது. உலகம் முழுக்க நினைவில் நின்றுவிட்ட படம் அது. நான்கு சக்கர இயக்கத்தின் வலிமைக்கு இன்றும் அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தக் காரில் மாட்டியிருந்தவை ஆணி பதித்த டயர்கள். ஆணிகளைக் கழற்றியிருந்தால் குவாட்ரோ அந்த மேடையில் ஏறியிருக்காது.

பனியோடு தலைமுறைகளாக வாழும் நாடுகள் என்ன சட்டம் போட்டிருக்கின்றன என்று பார்ப்பதும் நல்ல சோதனை. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008-இலிருந்து குளிர்காலத்தில் பனி டயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஜெர்மனியில் சாலை பனியாகவோ உறைந்தோ இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது. பிரான்ஸ் 2021 நவம்பரிலிருந்து தன் மலைப் பகுதிகளில் பனி டயரோ சங்கிலியோ இருக்க வேண்டும் என்கிறது. ஃபோர் பை ஃபோர் வைத்திருப்பவருக்கு இந்த மூன்று இடத்திலும் விலக்கு இல்லை. டயரிலும் எந்த டயர் என்று கேட்கிறார்கள். பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) என்று தயாரிப்பாளர் தானே பொறித்துக்கொள்வது போதாது என்று ஜெர்மனி முடிவு செய்து, 2024 அக்டோபரிலிருந்து மூன்று முகடுள்ள மலையும் பனித்துகளும் பொறித்த டயரை மட்டுமே ஏற்கிறது. அந்தச் சின்னத்தைப் பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் பொறிக்க முடியும்.

கலிஃபோர்னியாவின் விதி இன்னும் நுணுக்கமானது. சியரா நெவாடா மலையில் டானர் கணவாய் போன்ற இடங்களில் பனி கூடக் கூட மூன்று படிகளில் கட்டுப்பாடு இறுகும். முதல் படியில், பனி டயர் போட்ட சாதாரணக் கார் சங்கிலி கட்டாமல் போகலாம். இரண்டாம் படியில் நான்கு சக்கர இயக்க வண்டி மட்டும் சங்கிலி கட்டாமல் போகலாம். அதற்கும் நான்கிலும் பனி டயர் இருக்க வேண்டும், சங்கிலியை வண்டிக்குள் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் விலக்கே இல்லை, எல்லா வண்டியும் சங்கிலி கட்ட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதையும், டயர் இல்லாமல் அந்த மதிப்பு செல்லாது என்பதையும் ஒருசேரச் சொல்லும் விதி. நான் பார்த்தவற்றில் நியாயத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் சில வலுவானவை. ஆழமான, தள்ளப்படாத பனியில் இரு சக்கர இயக்க வண்டி விரைவில் தோற்கும். அங்கே நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்று இல்லை. ஆனால் அந்த வெற்றியில் பாதி, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே உள்ள இடைவெளிக்குச் சேர வேண்டியது. ஜிம்னி வண்டிக்கு அது 210 மில்லிமீட்டர், தார் வண்டிக்கு 226. பனி அதற்கு மேல் போனால் வண்டி வயிற்றின்மேல் உட்கார்ந்துகொள்ளும். நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும்.

இன்னொன்று இறக்கத்தில் இன்ஜின் பிரேக். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் கூடுதல் கியர்) உள்ள ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் முதல் கியரில் பிரேக்கைத் தொடாமல் நடை வேகத்தில் இறங்கலாம். இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் விசை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிவதால் ஒரு முனை மட்டும் பிடியிழந்து வண்டி திரும்பிவிடும் அபாயம் குறைகிறது. இது உண்மையான நன்மை. இறக்கத்தில் ஃபோர் பை ஃபோர் எதற்கும் உதவாது என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் இந்த நன்மை தொடக்கத்திலிருந்தே மிக மெதுவாக இறங்குபவருக்குத்தான் கிடைக்கும். உராய்வின் மொத்த அளவை அது ஒரு இம்மியும் கூட்டுவதில்லை. முப்பதில் வந்துகொண்டிருக்கும்போது எதிரே ஒரு டெம்போ குறுக்கே சறுக்கி நின்றால் லோ ரேஞ்சால் காப்பாற்ற முடியாது.

உள்ளூர்க்காரர்களே ஃபோர் பை ஃபோர்தானே வைத்திருக்கிறார்கள் என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். லாஹௌலிலும் ஸ்பிதியிலும் பழைய ஜிப்சிகளும் பொலிரோ கேம்பர்களும் இருப்பது மெய். அவர்கள் தேவை வேறு. நெடுஞ்சாலையிலிருந்து கிராமத்துக்கு ஏறும் ஒற்றைத்தடப் பாதை நெடுஞ்சாலையைவிடச் செங்குத்து. அங்கே பனி தள்ளும் இயந்திரம் வருவதற்கு முன்பே ஒரு நோயாளியை இறக்கிக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரு வாரம் பனி பார்க்கப் போகிறவர், பாதை மூடியிருந்தால் விடுதியில் இன்னொரு நாள் தங்கிக்கொள்ளலாம். ஒருவருக்குக் கட்டாயமானது மற்றவருக்கும் கட்டாயமாகிவிடாது. உள்ளூர் ஓட்டுநர்கள் பனியில் சங்கிலியை உடன் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே நம் நாட்டின் நிலைமை தீர்ப்பைக் கொஞ்சம் திருப்புகிறது. ஐரோப்பாவில் ஒருவர் கேட்டால், முதலில் பனி டயர் வாங்குங்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். இந்தியக் கடைகளில் பனி டயர் எளிதில் கிடைப்பதில்லை. நம் கார்களோடு வருபவை வெப்பத்துக்காகச் செய்யப்பட்டவை. சென்னை வெயிலில் உருகாமல் இருப்பதற்கான அந்த ரப்பர், 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பனியில் பிடிப்பு இழக்கிறது. முரட்டுத் தோற்றம் தரும் ஆல் டெரைன் டயர்களில் சிலவற்றுக்கே பனிச் சின்னம் உண்டு. பெரிய கட்டைகள் சேற்றுக்கு நல்லவை, பனிக்கட்டிக்கு அந்தக் கட்டைகளால் பயனில்லை. ஆகவே இங்கே விற்கும் ஃபோர் பை ஃபோர்களில் பெரும்பாலானவை பனிக்குரிய டயர் இல்லாமலே வருகின்றன.

மிஞ்சியிருப்பது சங்கிலி. விலை சில ஆயிரம் ரூபாய். பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும் இரும்பு, ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் உதவும். குறைகளும் உண்டு. டயர் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது; பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்ற வேண்டும். இயங்கும் சக்கரங்களில்தான் கட்ட வேண்டும். முன்சக்கரங்களில் மட்டும் கட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் லேசாகி வெளியே வீசும் என்பதால் வேகம் மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ஒரு ஜோடிதான் இருக்கிறதென்றால் எந்தப் பக்கம் கட்டுவது என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே, விரல் மரத்த நிலையில், சாலையோரம் மண்டியிட்டுக்கொண்டு முதல்முறையாகக் கட்டிப் பார்ப்பது நடக்காத காரியம். வீட்டு வாசலில் இரண்டு முறை கட்டிக் கழற்றிப் பழகியிருக்க வேண்டும்.

ஃபோர் பை ஃபோர் என்ற பெயருக்குள்ளும் பல வகைகள். ஜிம்னியிலும் தாரிலும் இருப்பது தேவைப்படும்போது நெம்புகோலால் இணைக்கும் முறை. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும். வளைவுகளில் காய்ந்த தார்ப்பரப்பும் பனியும் மாறி மாறி வரும் சாலையில், தார்ப்பரப்பில் அதை இணைத்தபடியே ஓட்டினால் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் முறுக்கேறிச் சேதமாகும். இது தெரியாமலே அத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள் உண்டு. சில நகர எஸ்.யூ.வி.க்களில் உள்ள ஆல் வீல் டிரைவ் தானாகவே மாறிக்கொள்ளும். அதற்கு லோ ரேஞ்ச் கிடையாது. தாரிலேயே பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகை 2023 ஜனவரியிலிருந்து விற்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பனியில் அந்தப் பின்சக்கரத் தார், முன்சக்கர ஹேட்ச்பேக்கைவிட மோசமாகத் தடுமாறக்கூடியது. இன்ஜினின் எடை அதன் இயங்கும் சக்கரங்கள்மேல் இல்லை.

மணாலித் தடுப்புக்கு வருவோம். அந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒற்றைச் சாலையில் மேட்டில் ஒரு கார் திணறி நின்றால் பின்னால் நூறு கார்கள் நிற்கும். பனி தள்ளும் இயந்திரமும் ஆம்புலன்ஸும் அதே வரிசையில் மாட்டிக்கொள்ளும். 2024 டிசம்பர் கடைசியில் சோலங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையே ஆயிரம் அளவில் வண்டிகள் பனியில் சிக்கின. பயணிகளைக் காவலர்கள் இரவில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஏறத் திணறும் வண்டிகளை முன்கூட்டியே வடிகட்டினால் நெரிசல் குறையும். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் விதி என்ற அளவில் அதை ஏற்கிறேன். பாதுகாப்புக்கான விதி என்று எடுத்துக்கொண்டால் அது கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. வண்டியின் பின்புற ஃபோர் பை ஃபோர் சின்னத்தைப் பார்க்கும் காவலர் டயரையும் பார்க்க வேண்டும், சங்கிலி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

நெரிசலில் சிக்குவதே உயிரை எடுக்கும் என்பதற்குப் பாகிஸ்தானின் மர்ரியில் 2022 ஜனவரியில் நடந்தது சாட்சி. பனிப்புயலில் கார்களுக்குள் இரவு முழுக்க அடைபட்டு 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பனியில் புதைந்த வண்டியில் சூட்டுக்காக இன்ஜினை ஓடவிட்டால், புகைக்குழாய் அடைபட்டுக் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும். அந்த வாயுவுக்கு மணமில்லை. அந்நிலையில் எந்த வகை இயக்கமும் காப்பாற்றாது. புகைக்குழாயைச் சுற்றிப் பனியை விலக்கிக்கொண்டே இருப்பதும், கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைப்பதும், இன்ஜினை இடைவெளி விட்டு விட்டு ஓடவிடுவதும், எல்லாவற்றுக்கும் முன்னால் வானிலை எச்சரிக்கையைக் கேட்டுக் கிளம்பாமல் இருப்பதும்தான் காக்கும்.

என் தீர்ப்பு இது. பனி தள்ளப்படும் மலை நெடுஞ்சாலையில், பகல் வெளிச்சத்தில், பயணியாகப் போகிறவருக்கு நான்கு சக்கர இயக்கம் கட்டாயமல்ல. இருந்தால் நல்லது. பனி டயரோ சங்கிலியோ கட்டாயம். அது ஃபோர் பை ஃபோர் வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான். பனி தள்ளாத பாதையில் போயே தீர வேண்டியவருக்கும், மலைக் கிராமத்தில் குளிர்காலம் முழுக்க வசிப்பவருக்கும், மருத்துவர், மின்வாரிய ஊழியர் போல அழைத்ததும் கிளம்ப வேண்டியவருக்கும் ஃபோர் பை ஃபோர் தேவையே. அதோடு சங்கிலியும் தேவை. ஆண்டுக்கு ஒருமுறை பனி பார்ப்பதற்காக மட்டும் லட்சங்கள் கூடக் கொடுத்து அந்த வகையை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஹிமாச்சல் நிர்வாகம் தடுப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும்: எந்த வண்டியானாலும் சங்கிலி இல்லாமல் மேலே போகக்கூடாது. வாடகை வண்டி கொடுப்பவர்கள் சாவியோடு சங்கிலியையும் கொடுத்து, கட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் போகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: காலை வெயில் சாலையில் விழுந்த பிறகு ஏறுங்கள், பிற்பகல் மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள், ஈரம்போல் மின்னும் நிழல் வளைவைப் பனிக்கட்டி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்குச் சங்கிலி இல்லையென்றால் அதை மணாலியிலேயே நிறுத்திவிட்டு, பனியில் ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநரின் டாக்ஸியில் ஏறிக்கொள்ளுங்கள்.